75 ஹெச்பியில் என்ன கிராண்ட் டூரிங்? லான்சியா அவுரேலியா பி20 பற்றி ஒரு இழை

வளைவுச்சாலை:

பழைய இத்தாலிய கார் என்று யார் ஆரம்பித்தாலும் பேச்சு நேராக ஃபெராரி 250-க்குப் போகிறது, அங்கிருந்து ஏல விலைக்குப் போகிறது, அப்புறம் அடங்கிவிடுகிறது. அந்த 250 வரிசை பிறப்பதற்கு முன்பே, 1951-ல், டூரினில் வேறொரு கம்பெனி ஒரு கூபே, அதாவது இரண்டு கதவு மூடின கார், போட்டது. லான்சியா அவுரேலியா பி20. 1958 வரை ஆறு சீரிஸ், மொத்தம் 3,871 கார். அதைப் பற்றித்தான் இந்த இழை.

கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1906-ல் கம்பெனியை ஆரம்பித்த வின்சென்சோ லான்சியா 1937-ல் திடீரென்று இறந்துபோனார். போர் முடிந்தபின் பொறுப்புக்கு வந்த மகன் ஜியான்னிக்கு அப்போது இருபத்துச் சொச்ச வயதுதான். டெக்னிக்கல் பக்கத்தில் விட்டோரியோ யானோ இருந்தார். ஆல்ஃபா ரோமியோவின் பி2, பி3 ரேஸ் கார்களைச் செய்த அதே யானோ. அவருக்குக் கீழே பிரான்செஸ்கோ டி விர்ஜிலியோ என்று ஓர் இளம் எஞ்சினியர். இந்த மூன்று பேரும் சேர்ந்து 1950 டூரின் மோட்டார் ஷோவில் இறக்கிய செடான்தான் அவுரேலியா பி10. 1,754 சிசி, 56 ஹெச்பி. பார்க்க அடக்கமான, வழுவழுப்பான நாலு கதவு வண்டி. நடுவில் தூண் கிடையாது. முன்கதவும் பின்கதவும் திறந்தால் ஒரு பக்கமே வாசல் மாதிரி விரிந்துவிடும்.

பானெட்டைத் திறந்தால்தான் விஷயம். உற்பத்திக்கு வந்த காரில் முதல்முதலாக வி6 எஞ்சின், அதாவது ஆறு சிலிண்டர் 'வி' வடிவில் இரண்டு வரிசையாக. கியர்பாக்ஸ் முன்னால் இல்லை. கிளட்ச், கியர்பாக்ஸ், கிரவுன் (சுற்றும் சக்தியைச் சக்கரப் பக்கம் திருப்பும் பல்சக்கரம்) மூன்றும் ஒரே கூட்டுக்குள் பின்சக்கரங்களுக்கு நடுவே. பின் பிரேக் டிரம்மும் சக்கரத்தில் இல்லை, அந்தக் கூட்டின் இரண்டு பக்கத்திலும் ஒட்டியிருக்கும். பின்சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும். அடுத்த வருஷம் இதே அடிப்பாகத்தின் வீல்பேஸை 2,860 மி.மீ.யிலிருந்து 2,660-க்குக் குறைத்து, 1,991 சிசி எஞ்சினை வைத்து, மேலே ஒரு சாய்ந்த கூரை கூபே பாடியைப் போட்டார்கள். அதுதான் பி20 ஜிடி. ஜிடி என்றால் கிராண்ட் டூரிங், தூரப் பயணத்தை வேகமாகவும் சொகுசாகவும் போகிற கார். 75 ஹெச்பி, சுமார் 160 கி.மீ. வேகம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வந்த எல்லா கிராண்ட் டூரிங் கார்களும் எங்கே எடையை வைக்கவேண்டும் என்று கற்றுக்கொண்டது இந்தக் காரிடம்தான். ஹெச்பி கதையெல்லாம் அதற்கு அப்புறம்.

ராக்கெட்ராஜா:

75 ஹெச்பியா? இப்போது டிராவல்ஸில் ஓடுகிற ஸ்விஃப்ட்கூட அதைவிட அதிகம் அண்ணா. அதே 1951-ல் ஜாகுவார் எக்ஸ்கே120-ல் 160 ஹெச்பி இருந்தது. விலையும் லான்சியாவைவிடக் குறைவு. யார் வாங்கினார்கள் இதை?

வளைவுச்சாலை:

ராஜா தம்பி, நல்ல கேள்வி. அதே 1951 ஏப்ரல் கடைசியில் நடந்த மில்லே மில்லியாவைப் பார்.

பிரெஷாவில் கிளம்பி ரோம் வரை போய் மறுபடி பிரெஷாவுக்கு, சுமார் 1,560 கி.மீ. ரேஸ் டிராக் இல்லை, சாதாரணச் சாலை. ஊருக்குள்ளே புகுந்து போகும், அப்பென்னைன் மலை ஏறி இறங்கும். அந்த வருஷம் மழை வேறு. ஜெயித்தது லூயிஜி வில்லொரேசி, ஃபெராரி 340 அமெரிக்கா, 4.1 லிட்டர் வி12. இரண்டாவது வந்தது ஜியோவான்னி பிராக்கோவும் உம்பெர்ட்டோ மாலியோலியும், புத்தம் புதிய பி20-ல். பின்தங்கியது சுமார் 20 நிமிடம்தான். பதின்மூன்று மணி நேரப் பந்தயத்தில், தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய எஞ்சினுக்கு எதிராக, கூரை போட்ட ஒரு ரோட்டுக் கார் இரண்டாமிடம். அதற்குப் பின்னால் வந்தவர்களில் எத்தனை ஃபெராரி, எத்தனை ஆல்ஃபா என்று யோசித்துக்கொள்.

ஜாகுவாரின் பலம் நீளமான நேர்ச்சாலையில் தெரியும். இத்தாலியில் அப்போது அப்படிச் சாலை எவ்வளவு இருந்தது? மழையில், கல்பாவிய தெருவில், மலை வளைவில் கார் எவ்வளவு நேரம் ஓட்டுநரைப் பயமுறுத்தாமல் இருக்கிறது என்பதுதான் அங்கே கணக்கு. பிராக்கோ பியெல்லாவைச் சேர்ந்த துணி வியாபாரக் குடும்பத்துப் பணக்காரர். கம்பெனி சம்பளம் வாங்கிய டிரைவர் இல்லை. அந்த ஆளுக்கு அன்று அந்தக் கார் கைகொடுத்தது.

இரண்டே மாதத்தில் ல மான் 24 மணி நேரம். பிராக்கோவும் லுரானியும் ஓட்டி 2 லிட்டர் வகுப்பில் முதல், மொத்தத்தில் 12-வது. யார் வாங்கினார்கள் என்று கேட்டாயே, இதைப் பேப்பரில் படித்த டாக்டர்களும் வக்கீல்களும் ரேஸ் டிரைவர்களும்தான்.

கோவை லேத்:

எஞ்சின் பக்கம் நான் கொஞ்சம் பேசுகிறேன்.

லான்சியா அதற்கு முன்பே ரொம்ப வருஷமாகக் குறுகலான கோணத்தில் வி4 எஞ்சின் செய்துகொண்டிருந்தது. அதனால் டி விர்ஜிலியோ வி6 கணக்கை எடுத்தபோதும் முதலில் அப்படிக் குறுகலான கோணத்தில்தான் சோதனை எஞ்சின்கள் ஓடின. அதிர்வு அடங்கவில்லை. வி6-க்கு இருக்கிற பிரச்சினை இது: ஒரு பக்கம் மூன்று சிலிண்டர், இன்னொரு பக்கம் மூன்று. மூன்று சிலிண்டர் வரிசை தன்னளவில் முன்னும் பின்னும் ஆடும் குணமுள்ளது. இரண்டு வரிசையின் ஆட்டத்தையும் ஒன்றோடொன்று கழித்துவிட வேண்டும், அதே சமயம் வெடிப்பும் சமமான இடைவெளியில் வரவேண்டும்.

அவர் கணக்குப் போட்டுக் கொண்டுவந்த விடை 60 டிகிரி. கிராங்க்கில் இரண்டு கனெக்டிங் ராடு ஒரே பின்னைப் பங்குபோட்டுக்கொள்ளாது. ஆறு ராடுக்கும் ஆறு தனிப் பின். அப்போது கிராங்க் ஒவ்வொரு 120 டிகிரி சுற்றும்போதும் ஒரு வெடிப்பு வந்துவிடும், தாறுமாறாக வராது. நாலு மெயின் பேரிங். பிளாக் அலுமினியம், உள்ளே வார்ப்பிரும்பு வெட் லைனர், அதாவது குளிர்விக்கும் தண்ணீர் நேராகத் தொடுகிற சிலிண்டர் உறை. கேம்ஷாஃப்ட் ஒன்றே ஒன்று, அந்த 'வி' பள்ளத்துக்குள் உட்கார்ந்து புஷ்ராடு வழியாக வால்வைத் தள்ளும். யானோ போன்ற ஆள் இருந்தும் ரேஸ் எஞ்சின் மாதிரி ஓவர்ஹெட் கேம் போடவில்லை. தினம் ஓட்டுகிற வண்டி, எளிமையாக இருக்கட்டும் என்று விட்டார்கள்.

சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் ஓடும் தூரமும் மி.மீ.யில் சொன்னால், பி10-ல் 70 x 76, பி20-ல் 72 x 81.5, பிறகு 1953-ல் வந்த மூன்றாவது சீரிஸில் 78 x 85.5, அதாவது 2,451 சிசி. முதலில் போட்ட வடிவத்தையே இவ்வளவு தூரம் இழுக்க முடிந்திருக்கிறது. இன்றைக்கு ஓடுகிற வி6 கார்களில் பெரும்பாலானவை இந்த 60 டிகிரிதான். இவ்வளவுக்கும் டி விர்ஜிலியோ பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரிவதில்லை. எல்லாப் பெருமையும் யானோ கணக்கில் ஏறிவிட்டது.

நித்யா கே:

கோவை சார், ஒரு சந்தேகம். கிளட்சையும் பின்னால் கொண்டுபோய் வைத்தால் நடுவில் போகிற ஷாஃப்ட் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்குமே? நியூட்ரலில் சிக்னலில் நின்றால்கூட?

கோவை லேத்:

ஆமாம் நித்யா, சரியாகப் பிடித்தீர்கள். சாதாரண வண்டியில் ஷாஃப்ட் கியர்பாக்ஸுக்குப் பிறகு இருப்பதால் வண்டி நின்றால் அதுவும் நிற்கும். இதில் எஞ்சின் ஓடும்வரை எஞ்சின் வேகத்திலேயே சுற்றும். பேலன்ஸ் ஒரு துளி தவறினாலும் நின்ற இடத்திலேயே வண்டி நடுங்கும். அதனால் இந்த ஷாஃப்ட்டைக் கண்ட இடத்தில் கொடுத்து ஜாயின்ட் மாற்றக்கூடாது.

ஒரு லாபமும் உண்டு. கியர்பாக்ஸுக்கு முன்னால் இருப்பதால் முதல் கியரில் பெருகிவரும் முறுக்கு அந்த ஷாஃப்ட்டில் விழாது. அதனால் மெலிதாகச் செய்யலாம்.

பின்னால் உள்ளே வைத்த பிரேக் டிரம்முக்கும் இதே மாதிரி இரண்டு முகம். சக்கரத்தோடு சேர்ந்து தூக்கிப்போடும் எடை குறைகிறது; பள்ளத்தில் டயர் தரையை விடாது. ஆனால் காற்று படாத இடம். மலை இறக்கத்தில் வரும் சூடு நேராக கியர்பாக்ஸ் ஆயில் சீல் பக்கத்தில் போய் உட்காரும். லைனிங் மாற்றப் படுத்துக்கொண்டு வேலை செய்கிறவன் வாயில் என்ன வரும் என்று எழுத வேண்டாம்.

பழைய பத்மினி:

நான் சேர்த்துச் சொல்ல ஒன்று இருக்கிறது. இந்த பி20-ல் கியர் லீவர் தரையில் இல்லை, ஸ்டீயரிங் பக்கத்தில். நம் பத்மினியில் இருந்த அதே ஹேண்ட் கியர்தான். லீவரில் ஆரம்பித்து கார் வாலில் இருக்கிற கியர்பாக்ஸ் வரை எத்தனை ராடு, எத்தனை மூட்டு என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு மூட்டும் தேயத் தேய, கியர் எங்கே விழுகிறது என்று கை தேடவேண்டும்.

அதனால்தான் டூரினில் என்ரிகோ நார்டி என்பவர் தரை கியர் கிட் செய்து விற்றார். கூடவே இரண்டு கார்புரேட்டர் வைக்கும் கிட், மரப் பிடி போட்ட ஸ்டீயரிங். இப்போது ஏலத்துக்கு வரும் பி20 போட்டோக்களில் தரையில் லீவர் தெரிந்தால் பெரும்பாலும் அது நார்டி வேலை. அந்தக் காலத்திலேயே மாட்டியது என்றால் விலை ஏறும், போன வருஷம் மாட்டியது என்றால் வாங்குகிறவன் முகம் சுளிப்பான். பொருள் அதேதான்!

இன்னொன்று, இந்த இத்தாலிய வண்டிக்கு ஸ்டீயரிங் வலது பக்கம். இத்தாலிக்காரர்கள் சாலையில் வலப்பக்கம் போகிறவர்கள், இருந்தும் லான்சியா வீம்புக்கு வலப்பக்க ஸ்டீயரிங்கையே வைத்திருந்தது. மலைச்சாலையில் ஓரத்துப் பள்ளம் டிரைவர் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பது அவர்கள் நியாயம். நாலாவது சீரிஸில்தான் இடப்பக்க ஸ்டீயரிங் கேட்டால் கிடைத்தது.

பலெர்மோ தமிழன்:

வணக்கம். நான் கன வருஷமாகப் பலெர்மோவில் இருக்கிறேன். வளைவுச்சாலை அண்ணை மில்லே மில்லியாவோடு நிறுத்திவிட்டார், எங்கட பக்கத்துப் பந்தயத்தையும் சொல்லவேணும்.

சிசிலித் தீவின் மலைச்சாலைப் பந்தயமான டார்கா ஃப்ளோரியோவில், 1952-ல், முதல், இரண்டு, மூன்று எல்லாமே அவுரேலியா பி20. முதலாவது ஃபெலிச்சே பொனெட்டோ, பிறகு வலென்சானோ, பிறகு அன்செல்மி. அந்தப் பந்தயம் நடந்த மடோனியே மலைச்சாலை இப்பவும் பொதுச்சாலைதான். பலெர்மோவிலிருந்து கடற்கரையோடு கிழக்கே போய், செர்டா பக்கம் திரும்பினால் ஃப்ளோரியோபொலி வரும். அந்தக் காலத்துப் பார்வையாளர் மேடையும் பிட் கட்டடமும் ரோட்டின் இரண்டு பக்கமும் அப்படியே நிற்கிறது. ஒரு பக்கம் சுவரில் விளம்பரப் பெயர்கள் மங்கிப்போய்க் கிடக்கும், நடுவே ஆட்கள் தக்காளிப் பெட்டி ஏற்றின வானில் போய்க்கொண்டிருப்பார்கள்.

அதைத் தாண்டி மேலே ஏறினால்தான் விளங்கும். ஒரு வளைவு முடியுமுன்னே அடுத்தது. நேர்ரோடு என்று சொல்ல மலைக்குள்ளே ஒன்றும் இல்லை. மழைக்குப் பிறகு ரோட்டின் ஒரு பாதி கீழே இறங்கி நிற்கும், தார் அலை அலையாக இருக்கும். இந்த ரோட்டில் 300 குதிரை வைத்திருந்து என்ன செய்கிறது? இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும்தான் முழு நாளும். ராஜா தம்பி ஒருக்கா வந்து பார்த்தால் 75 காணும் என்று தானே சொல்லுவார்.

ராக்கெட்ராஜா:

டிக்கெட் போட்டுக் கொடுங்கள் அண்ணை, உடனே வருகிறேன் 🙂

சரி, மலை விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரேஸுக்கு அனுப்பியது கம்பெனி ஸ்பெஷலாகத் தயார் செய்த வண்டிதானே? கடையில் வாங்கியது அப்படியா ஓடியிருக்கும்?

வளைவுச்சாலை:

கம்பெனி தயாரித்த வண்டிகளில் கார்புரேஷனும் கம்ப்ரெஷனும் கூட்டியிருந்தார்கள், சில கார்களுக்குக் கூரையையே கொஞ்சம் வெட்டிக் குள்ளமாக்கினார்கள். உண்மைதான். ஆனால் 1952 மில்லே மில்லியாவைப் பார். மூன்றாமிடம் லூயிஜி ஃபாஜியோலி, பி20. நாலாமிடம் ருடால்ஃப் காரச்சியோலா, மெர்சிடிஸ் 300 எஸ்எல். மெர்சிடிஸ் அந்த வருஷம் ரேஸுக்கென்றே கட்டிக்கொண்டுவந்த வண்டி அது. அவுரேலியாவின் அடிப்பாகம் ஷோரூமில் விற்றதுதான்.

ஃபாஜியோலிக்கு அப்போது 53 வயது. முந்தின வருஷம்தான் பிரெஞ்சு கிராண்ட் ப்ரீயை ஃபாஞ்சியோவோடு பங்குபோட்டு ஜெயித்திருந்தார். ஃபார்முலா ஒன் வரலாற்றில் ஜெயித்தவர்களில் இன்றுவரை வயதில் மூத்தவர் அவர்தான். மில்லே மில்லியா முடிந்த அதே மாதக் கடைசியில், மொனாக்கோவில் நடந்த ஸ்போர்ட்ஸ் கார் பந்தயப் பயிற்சியில், இதே அவுரேலியாவில் அடிபட்டு, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து ஜூனில் இறந்துபோனார். பலெர்மோ நண்பர் சொன்ன டார்கா வெற்றி அதற்குச் சில நாள் கழித்துத்தான். லான்சியா டீம் எந்த மனநிலையில் சிசிலிக்குக் கப்பல் ஏறியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

விண்டேஜ் வாசு:

எல்லோரும் உருகுவது சரி. "பின்னால் வந்த எல்லா ஜிடியும் இதிடம் கற்றது" என்பது கொஞ்சம் ஓவர். கிரான் டூரிஸ்மோ என்ற பெயரை 1930-லேயே ஆல்ஃபா 6சி 1750-க்கு வைத்துவிட்டார்கள். சிறிய எஞ்சின், மூடின பாடி, நல்ல ஷேப் என்று பார்த்தால் 1947-ல் வந்த சிசிட்டாலியா 202 இருக்கிறது. அதை 1951-ல் நியூயார்க் மியூசியம் ஆஃப் மாடர்ன் ஆர்ட்டில் காட்சிக்கே வைத்தார்கள். சிசிட்டாலியா எஞ்சின் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஃபியட் 1100. பத்மினி நண்பர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், அதே 1,089 சிசி வம்சம்.

பழைய பத்மினி:

தூக்கிவிட்டேன் வாசு சார்!

வளைவுச்சாலை:

வாசு சார், ஆல்ஃபா 1750 போருக்கு முந்தின சேஸிஸ் கார். வெறும் சட்டத்தை வாங்கிக்கொண்டு போய், விருப்பமான இடத்தில் பாடி கட்டிக்கொள்ளவேண்டும், லாரி சேஸிஸ் எடுத்துக் கரூரில் பாடி கட்டுகிற மாதிரி. சிசிட்டாலியா அழகு, மறுப்பே இல்லை. ஆனால் செய்தது 200-ஐக்கூடத் தொடவில்லை, கம்பெனியும் சீக்கிரமே படுத்துவிட்டது. எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் எல்லாம் ஃபியட்டின் வழக்கமான அமைப்புதான்.

பி20-ல் தகரச் சட்டமும் பாடியும் ஒன்றாகப் பற்றவைத்த மோனோகாக். மெக்கானிக்கல் பாகம் ஒவ்வொன்றும் இந்த வேலைக்கென்றே யோசித்தது. ஒரே வடிவத்தில் ஆயிரக்கணக்கில் வந்தது, காலையில் ஆபீஸ், ஞாயிறு ரேஸ் என்று ஒரே வண்டி ஓடியது. பின்னால் கியர்பாக்ஸ் வைக்கும் முறையை ஃபெராரி 1964-ல் 275 ஜிடிபியில்தான் ரோட்டுக் காருக்குக் கொண்டுவந்தது. ஆல்ஃபெட்டா 1972. போர்ஷே 924, 928 எழுபதுகளின் பிற்பாதி. வரிசையைப் பார்த்தால் நான் சொன்னது ஓவர் இல்லை என்று நினைக்கிறேன்.

விண்டேஜ் வாசு:

கியர்பாக்ஸ் இடத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஷேப்பில் சிசிட்டாலியாவுக்குத்தான் என் ஓட்டு. அப்புறம், அந்த பி20 பாடியும், சிசிட்டாலியாவை வரைந்த டூரின் பாடி பட்டறைக்காரர் பினின் ஃபரினாதானே வரைந்தார்? அதே கை என்று பார்த்தாலே தெரிகிறது.

நித்யா கே:

இல்லை வாசு சார், வரைந்தது கியா என்ற இன்னொரு பாடி பட்டறையில் இருந்த மரியோ ஃபெலிச்சே போவானோ என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். முதல் கார்களை வியோட்டி என்ற பட்டறையில் கட்டினார்கள். எண்ணிக்கை கூடியதும் வேலை பினின் ஃபரினாவுக்குப் போயிற்று. பக்கத்தில் அவர்கள் பேட்ஜ் இருப்பதால் டிசைனும் அவர்களுடையது என்று பரவிவிட்டது.

டிசைன் படிக்கிறவள் என்ற முறையில் எனக்குப் பிடித்தது அந்தப் பின்பக்கம். கூரை முன்கண்ணாடிக்கு மேலே ஆரம்பித்து நம்பர் பிளேட் வரை ஒரே வீச்சில் இறங்குகிறது. நடுவில் ஒரு கோடு, ஒரு குரோம் பட்டி இடைமறிக்காது. அந்தக் காலத்து அமெரிக்க வண்டிகளைப் பக்கத்தில் வைத்தால் இது நகையே போடாமல் கல்யாணத்துக்கு வந்த பெண் மாதிரி தெரியும்.

கோவை லேத்:

எல்லோரும் "பி20" என்று ஒரே காராகப் பேசுகிறீர்கள். ஆறு சீரிஸுக்குள் நிறைய வித்தியாசம். சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதல் சீரிஸ் 75 ஹெச்பி, 1952-ல் இரண்டாவது 80. இரண்டும் 2 லிட்டர், எடை குறைவு. 1953-ல் மூன்றாவது, 2.5 லிட்டர், ஒரேயடியாக 118 ஹெச்பி, 180-ஐத் தாண்டி ஓடும். இங்கேதான் ஒரு சிக்கல். பின்பக்கத் தனி சஸ்பென்ஷன், சாய்வான ட்ரெய்லிங் ஆர்ம், அதுவும் லான்சியாதான் முதலில் செய்தது. வளைவின் நடுவே பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் தூக்கும், சக்கரத்தின் கோணம் மாறும், வால் வெளியே போகும். 75 ஹெச்பியில் அது விளையாட்டு. 118-ல் வேலியில் போய் நிற்கலாம்.

1954-ல் நாலாவது சீரிஸில் அதைத் தூக்கிவிட்டு டி டியோன் அமைப்பு போட்டார்கள். இரண்டு பின்சக்கரத்தையும் ஒரு குழாய் இணைக்கும், சக்கரம் எப்போதும் நேராக நிற்கும், கீழே பட்டை ஸ்பிரிங். படிக்கப் பழசு மாதிரி இருக்கும், ஓட்ட நம்பிக்கையாக இருக்கும். முன்பக்கம் மட்டும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை லான்சியாவின் 1922 லாம்டா காரிலிருந்து வந்த ஸ்லைடிங் பில்லர்தான், சக்கரம் ஒரு தூணில் மேலும் கீழும் வழுக்கும். ஐந்து, ஆறு சீரிஸில் ஹெச்பியை 110, 112 என்று இறக்கினார்கள். இழுவை கீழ் ஆர்பிஎம்மிலேயே கிடைக்கும், சத்தம் குறைவு, வண்டி கனம்.

என்னைக் கேட்டால் நாலாவது. வேகமும் இருக்கிறது, கழுத்தும் தப்பிக்கும்.

வளைவுச்சாலை:

எனக்கு இரண்டாவது. 2.5 வந்தபிறகு அது எல்லோரும் செய்கிற மாதிரி வேக வண்டியாகிவிட்டது. 2 லிட்டரில்தான் அந்த யோசனை சுத்தமாகத் தெரிகிறது.

கோவை லேத்:

யோசனையை வீட்டில் உட்கார்ந்து ரசிக்கலாம். டூரினிலிருந்து ரோமுக்கு ஓட்டவேண்டும் என்றால் நாலாவதைக் கொடுங்கள். 1954 மாண்டே கார்லோ ராலியை லூயி ஷிரோன் ஜெயித்தது 2.5 லிட்டர் அவுரேலியாவில்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வளைவுச்சாலை:

1953 லியேஜ்-ரோம்-லியேஜையும் ஜானி கிளேஸ் அவுரேலியாவில்தான் ஜெயித்தார். அந்த ஆள் ஜாஸ் டிரம்பெட் வாசித்துக்கொண்டிருந்தவர். ஆனால் எனக்குப் பிடித்த முடிவு 1958 அக்ரோபொலிஸ் ராலி. கிரீஸில், கார் உற்பத்தியே நிற்கப்போகிற நேரத்தில், அவுரேலியாவில் ஜெயித்தது லூயிஜி வில்லொரேசி. 1951-ல் பெரிய ஃபெராரியை வைத்துக்கொண்டு பிராக்கோவை முந்திய அதே வில்லொரேசி.

ராக்கெட்ராஜா:

இவ்வளவு நல்ல வண்டி செய்த கம்பெனி ஏன் ஜியான்னி கையை விட்டுப் போனது? ரேஸ் செலவா?

விண்டேஜ் வாசு:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், வளைவுச்சாலை ஜியான்னியைக் காப்பாற்றப் பார்ப்பார்.

அவுரேலியாவில் ஜெயித்த ருசி விடவில்லை. ஜியான்னி அடுத்து ரேஸுக்கென்றே டி20, டி24 என்று வண்டிகளைக் கட்டினார். 1953 மெக்சிகோ கரேரா பனாமெரிக்கானாவில் ஃபாஞ்சியோ, தாருஃப்ஃபி, காஸ்தெல்லோத்தி என்று முதல் மூன்று இடம். அதே பந்தயத்தில் பொனெட்டோ இறந்தார், டார்காவை ஜெயித்துக் கொடுத்தவர். 1954 மில்லே மில்லியா அஸ்காரி ஜெயித்தார். அதோடு நிறுத்தாமல் ஃபார்முலா ஒன்னுக்கு டி50. 1955 மே மாதம் மொனாக்கோவில் அஸ்காரி காரோடு கடலில் விழுந்து தப்பினார். நாலு நாள் கழித்து மோன்சாவில் ஒரு ஃபெராரியைச் சும்மா ஓட்டிப் பார்க்கப் போய் இறந்தார். ஜூலையில் டி50 கார்கள் மொத்தமும் ஃபெராரி கைக்குப் போயின. அடுத்த வருஷம் ஃபாஞ்சியோ உலகச் சாம்பியன் ஆனது அந்த லான்சியா பரம்பரைக் காரில்தான்.

பணத்தைத் தின்றது ரேஸ் மட்டும் இல்லை. அவுரேலியாவே விலைக்கு மீறின வேலைப்பாடு. அலுமினிய பிளாக், தனிக் கிராங்க்பின், உள்ளே வைத்த பிரேக், இதெல்லாம் ஃபியட் மாதிரி லட்சக்கணக்கில் செய்தால்தான் கட்டும். எல்லா மாடலும் சேர்த்து எட்டு வருஷத்தில் 18,000 சொச்சம் அவுரேலியாதான் விற்றது. இதற்கு நடுவில் டூரின் போர்கோ சான் பாவ்லோவில் தெருவைத் தாண்டி நிற்கிற மாதிரி ஒரு உயரமான ஆபீஸ் கட்டடம் வேறு, ஜியோ போன்ட்டியும் ரோசானியும் வரைந்தது. அது 1957-ல் முடிந்தபோது கம்பெனி ஏற்கெனவே சிமென்ட் முதலாளி கார்லோ பெசென்ட்டி கையில். கட்டியவன் உட்காரவில்லை.

வளைவுச்சாலை:

காப்பாற்றப் போவதில்லை சார். ஜியான்னிக்குக் கணக்குப் புத்தகம் பார்க்கப் பிடிக்காது என்பது அவர் செய்த ஒவ்வொரு காரிலும் தெரிகிறது. கணக்குப் பார்த்திருந்தால் கிளட்சைப் பின்னால் வைத்திருக்க மாட்டார், நாமும் இன்று இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். பெசென்ட்டி வந்ததும் அந்தோனியோ ஃபெஸ்ஸியா டெக்னிக்கல் பொறுப்பை எடுத்தார், யானோ ஃபெராரி பக்கம் போய்விட்டார். அங்கே டினோ வி6 வந்தபோது யானோ பக்கத்தில்தான் இருந்தார். பெசென்ட்டியாலும் தாக்குப்பிடிக்க முடியவில்லை, 1969-ல் ஃபியட் வாங்கிக்கொண்டது.

நித்யா கே:

திறந்த மாடல் பி24 பற்றி யாரும் சொல்லவில்லையே? அதுதானே இப்போது பி20-ஐவிடப் பல மடங்கு விலை?

பழைய பத்மினி:

ஆமாம் நித்யா, பி24 ஸ்பைடர். அதுவும் 2.5 லிட்டர், டி டியோன். அமெரிக்காவை மனதில் வைத்து பினின் ஃபரினா வரைந்தது. வளைந்து சுற்றிவரும் முன்கண்ணாடி, கதவில் வெளிப்பக்கக் கைப்பிடி கிடையாது, ஏற்றி இறக்கும் கண்ணாடியும் கிடையாது. மழை வந்தால் நனைய வேண்டியதுதான். 240 கார்தான் செய்தார்கள், விலைக்குக் காரணம் அதுதான். பிறகு 1956-லிருந்து கன்வர்ட்டபிள் என்று சாதாரண முன்கண்ணாடி, கைப்பிடி, இறக்குகிற ஜன்னல் எல்லாம் வைத்து 521 செய்தார்கள். மனிதன் ஓட்டுவதற்கு இரண்டாவதுதான் லாயக்கு. ஏலத்தில் முதலாவதுதான் பறக்கும்.

ராக்கெட்ராஜா:

கடைசியாக ஒன்று. இணையத்தில் பி20 போட்டோ பார்த்தால் எந்த சீரிஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிகிறது.

கோவை லேத்:

வெளியிலிருந்து கஷ்டம்தான் தம்பி. கதவுக் கண்ணாடிக்கு முன்னால் முக்கோணமாகத் திறக்கிற சின்ன ஜன்னல் இருந்தால் ஆறாவது. இடப்பக்க ஸ்டீயரிங் என்றால் நாலோ அதற்குப் பிறகோ. 2.5 லிட்டரா 2 லிட்டரா என்பது பானெட்டைத் திறந்தால்தான் நிச்சயம். இல்லாவிட்டால் பின்பக்கம் குனிந்து பார்: இரண்டு சக்கரத்தையும் சேர்க்கிற குழாய் தெரிந்தால் நாலாவது முதல் ஆறாவது வரை, தெரியாவிட்டால் முதல் மூன்றில் ஒன்று. போட்டோக்காரன் அங்கே குனிந்து எடுத்திருக்க மாட்டான், அது வேறு விஷயம்.